பச்சை ஒயரை முதலில் மாட்டு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மருமகளும் பேத்தியும் காய்ச்சல் சளி என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன், கேட்காமல் ஆரம்பித்தால் அதையும் ஒரு குற்றமாக எழுதி அச்சில் போட்டுவிடுவாய். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அம்மாவுக்கு இடது முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, டாக்டர் சொன்ன பயிற்சியை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் செய்தாள், நாலாம் நாள் நாற்காலியே போதும் என்று உட்கார்ந்துவிட்டாள். உன் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டியைப் பிரசவ வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், ஞாயிறு தவறாமல் வந்து என் மாத்திரை டப்பாவைச் சோதனை போட்டுவிட்டுப் போகிறாள். எதிர்க் கட்டடத்து லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்று பழகிவிட்டது, நான் லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது என்று சொன்னாலும் வாட்ச்மேன் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கூப்பிடுகிறான், நானும் வெட்கமில்லாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போகிறேன். இதெல்லாம் நலம்தான். நான் நலமாக இல்லை, மூக்குக்கு மேல் கோபம் வந்து ஆறு நாள் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை.

போன வாரம் பேக்கரிக்காரர் வீட்டுக்கு வந்தார். மறந்திருக்க மாட்டாய், ஆலைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் நாம் வருஷா வருஷம் நடத்துகிற சின்ன இசை விழாவுக்கு முதலிலிருந்து அவர்தான் தலைவர், தலைவர் என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி சுமந்து வருவதும் அவர்தான். முப்பதாவது வருஷம் என்று ஒரு மலர் போட்டிருக்கிறார்கள், பழைய ஆட்கள் எல்லோரும் 'எனக்குப் பிடித்த நினைவுகள்' என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். "உங்க பையன் எழுதினதுதாண்ணே டாப்பு, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு" என்று சொல்லி நடுப்பக்கத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். நீ ஐந்து நினைவுகள் எழுதியிருக்கிறாய். புல்லாங்குழல்காரர் வாசிக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கூடவே ஊளையிட்ட நாய், சரி, ஆனால் அது தெருநாய் இல்லை, புல்லாங்குழல்காரர் வீட்டு நாய்தான், பழக்கதோஷத்தில் ஊளையிட்டது. டீச்சர்கள் கோஷ்டி தப்பான சுருதியில் எடுத்து, நிறுத்தி, மறுபடி அதே தப்பான சுருதியில் எடுத்தது, அதுவும் சரி. பேண்டு மாஸ்டரின் பெரிய டிரம் சரிவில் உருண்டு ஓட, அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது நீ எழுதின மாதிரி மூன்றாவது வருஷம் இல்லை, இரண்டாவது வருஷம், அது என் சைக்கிளில்தான் போய் மோதியது, அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வரி எழுத உனக்கு மனசு வரவில்லை. இதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் படித்தேன்.

நாலாவது நினைவுதான் விவகாரம். அப்பாவின் ரகசியம் என்று தலைப்பு வேறு. எங்கள் மைதானத்தில் ஸ்பீக்கர் மற்ற இடங்களைப் போல ம்ம்ம் என்று இரையாது, பாடுகிறவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும், காரணம் என் அப்பா ஆம்பிளிஃபயர் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரை, அந்தப் பச்சை ஒயரை, கழற்றி டேப் சுற்றி விட்டுவிடுவார், பதினேழு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன், இன்றைக்கும் நான் சவுண்ட் போடுகிற இடத்தில் எல்லாம் அதையேதான் செய்கிறேன், அடுத்த மாதம் என் மகள் எங்கள் ஊர்ப் பூங்காவில் முதல் தடவையாகப் பாடப்போகிறாள், தாத்தாவின் வித்தைதான் அவளுக்கும் துணை என்று முடித்திருக்கிறாய். அதைப் படித்த உடனே பேக்கரிக்காரரை உட்கார வைத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன். மருமகள்தான் எடுத்தாள், பேத்தி கூடத்தில் ஒத்திகை பார்க்கிறாள், உங்கள் பிள்ளையை மாதிரியே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் பாடுவேன் என்கிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவனை உடனே கூப்பிடு என்றேன். அப்புறம் நீ வந்தாய், அந்த ஒயரை மாட்டு என்று நான் கத்தினேன், நீ சிரித்தாய். "இருபது வருஷமா அப்படித்தான்பா பண்றேன், ஒண்ணும் ஆகல. நீங்கதானே கத்துக்குடுத்தீங்க" என்றாய். பிள்ளைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய். மறுபடி நாலு தடவை போட்டேன், நீ எடுக்கவில்லை, கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பாய். நீங்கதானே என்று சொன்னாயே, அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் போனில் என் வாயில் வரவில்லை, அதனால்தான் தபால், அதுவும் விரைவுத் தபால்.

இப்போது உன் ஐந்தாவது நினைவுக்கு வருகிறேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தது அதற்குத்தானாம். இருபத்தொரு வயதில் நீயே எழுதி மெட்டமைத்த பாட்டை மேடையில் பாடினாய், ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றி, ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தரைத்தளத்திலேயே நிற்கிறவர், பழுது என்று சொன்னால்தான் பெற்ற பிள்ளையோடு பேசுவார் என்று. இரண்டாவது சரணம் பாடிக்கொண்டிருக்கும்போது அந்த மெக்கானிக் பாய்ந்து போய் மெயினை அணைத்துவிட்டார், மைதானமே கப்சிப், உலகத்தில் தன் மகனின் பாட்டுக்குக் கரண்ட்டை வெட்டின ஒரே விமர்சகர் என் அப்பாதான் என்று எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ அந்தப் பாட்டை எங்கே ஒத்திகை பார்த்தாய்? நம் வீட்டுப் பின்னறையில், துடைப்பக்கட்டையை மைக் ஸ்டாண்டாக வைத்துக்கொண்டு, ஒரு மாதம். அந்த வீட்டுச் சுவர் என்ன கோட்டைச் சுவரா? ஒரு மாதமும் நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டவன். எனக்கு முழுப் பாட்டும் மனப்பாடம், இப்போது கேட்டாலும் பாடுவேன். மூன்றாவது சரணத்தில் எதுகை இடிக்கிறது, மற்றபடி நல்ல பாட்டு, என்னைப் பற்றி அதில் சொன்னது எதுவும் பொய்யில்லை. அதைக் கேட்டு ரோஷம் வந்து மெயினை அணைப்பதாக இருந்தால் வீட்டிலேயே ஃபியூஸைப் பிடுங்கியிருப்பேனே, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டா அணைப்பேன்? பதினெட்டு வருஷத்தில் உனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

நடந்ததைச் சொல்கிறேன், இதை வேறு யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கும் காலையில், கசிகிற கரண்ட்டை ஆளைத் தொடாமல் மண்ணுக்கு இறக்குகிற அந்தப் பச்சை ஒயரை நான் கழற்றினேன். நாலு வருஷமாகக் கழற்றிக்கொண்டிருந்தேன், இரைச்சல் இல்லை என்று பேக்கரிக்காரர் மேடையிலேயே என்னைப் பாராட்டி, நானும் தலைகால் புரியாமல் நின்றுகொண்டிருந்த காலம். மேடை உனக்கு ஞாபகம் இருக்கும், இரும்புக் குழாய்களை நட்டு மேலே பலகை போட்டது. நாலு மணிக்குத் தூறல் போட்டது, பலகை நனைந்தது, நான் சாமான்கள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினேன், ஆனால் பழைய ஆம்பிளிஃபயருக்குள் ஈரம் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. உனக்கு முன்னால் தபால்காரம்மா பாடினாள், காலில் தடிமனான ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள், பாடி முடித்து இறங்கும்போது உதட்டைத் தேய்த்துக்கொண்டே என் மேஜைப் பக்கம் வந்து, "அண்ணே, உங்க மைக்கு கடிக்குதே, காலையிலேருந்து பட்டினி போட்டீங்களா?" என்றாள். நான் சிரித்தேன். கேட்டுக்கொள், சிரித்தேன். லிஃப்டுக்குள்ளும் வெளியிலும் கரண்ட்டோடு குடும்பம் நடத்தின எனக்கு, மைக் கடிக்கிறது என்று ஒருத்தி வாய் விட்டுச் சொல்லியும் மூளைக்கு எட்டவில்லை, நீ மேடை ஏறுகிற பெருமையில் வாயில் ஈ போவது தெரியாமல் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ செருப்பைக் கழற்றி எறிந்தாய். முதல் சரணம் முழுக்கக் கையைத் தட்டிக்கொண்டு பாடினாய், நண்பன் கிதார் வாசித்தான். இரண்டாவது சரணத்தில் ஸ்டாண்டைச் சாய்த்துப் பிடிப்பாய் என்பது எனக்குத் தெரியும், ஒரு மாதம் துடைப்பத்தைச் சாய்த்ததைக் கதவிடுக்கில் பார்த்தவன். உன் வலது கை கிளம்பியது. வெறுங்கால், நனைந்த பலகை, கீழே இரும்பு, மேலே கடிக்கிற மைக். அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது. மேஜையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியாது, மெயினைக் கீழே இழுத்தபோது உன் கைக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் இருந்தது.

மற்றதெல்லாம் உனக்கும் ஊருக்கும் தெரிந்ததுதான். நீ கத்தினாய். "லிஃப்ட்ட நிறுத்துற மாதிரி என்னையும் நிறுத்திட்டீங்களா? இனிமே உங்க ஒயர் இருக்கிற மேடையில என் கால் படாது" என்றாய், மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பேக்கரிக்காரர் ஓடி வந்து, பிள்ளைப் பாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா அண்ணே என்று என் தோளைப் பிடித்தார். அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லையப்பா, நான்தான் எர்த்தைக் கழற்றி வைத்தேன், என் பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்றும் அந்த நிமிடமே கணக்குப் போட்டேன். எங்கள் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எர்த்தைப் பிடுங்குகிறவன் என்று தெரிந்தால் இந்த ஊரில் எந்தக் கட்டடத்து லிஃப்டில் என்னைக் கை வைக்க விடுவார்கள்? என்னிடம் இருந்தது அந்தக் கைவேலையும் அந்தப் பேரும்தான். மோசமான வேலைக்காரன் என்று பேர் வாங்குவதைவிடக் கெட்ட அப்பன் என்று பேர் வாங்குவது பரவாயில்லை என்று முடிவு செய்தேன். அதனால்தான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன், அதை நீங்கள் எல்லோரும் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, மேடையில் ஆளில்லாத நேரத்தில் மெயினைப் போட்டு ஸ்டாண்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. மறுபடி அணைத்துவிட்டு, வேறு ஆம்பிளிஃபயரை வைத்து, பச்சை ஒயரை மாட்டினேன், மீதி நிகழ்ச்சி முழுக்க இரைச்சலோடுதான் ஓடியது, பிள்ளைமேல் இருந்த கோபத்தில் சவுண்டையும் கெடுத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த மாதமே நீ பெட்டியைக் கட்டினாய். இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை அப்படியே நின்றுபோனது. கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம், "பெத்தவர் மனச நோகடிச்சிட்டியேடான்னு அந்தப் புள்ளய எத்தன வருஷம் திட்டினேன், நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். ஆமாம், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை, காப்பியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. அவள் கோபம் நியாயம். உன் மேல் எனக்கு இருக்கிற கோபமும் நியாயம்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பன் செய்தான் என்பதற்காக ஒரு காரியத்தை ஏன் எதற்கு என்று கேட்காமல் இருபது வருஷமாகச் செய்வாயா? என்னுடைய மற்ற எந்தப் பேச்சையாவது நீ இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாயா? கூட்டம் பிடிக்கத் தெரிந்த கெட்டிக்காரன், நாலு ஊரில் பேர் வாங்கினவன், ஒரு பச்சை ஒயரை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்க மாட்டாயா? சொல்லாமல் விட்டது நான்தான், அது தெரிந்துதான் இவ்வளவு சத்தம் போடுகிறேன்.

இனிமேல் சொல்வதைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு படி. உன்னிடம் இருக்கிற ஆம்பிளிஃபயர், மிக்ஸர் எல்லாவற்றின் பிளக்கையும் திற. டேப் சுற்றின ஒயர் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் பிரித்து, அதனதன் இடத்தில் முடுக்கு. சில ஊர்களில் பச்சையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், அதுவும் அதேதான். கசிவு இருந்தால் தானே விழுகிற சுவிட்ச் விற்கிறார்கள், வாங்கி மெயினில் போடு, கஞ்சத்தனம் பார்க்காதே. இரைச்சல் வருகிறதா, எல்லாச் சாமானுக்கும் ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடு, மைக் ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்து ஓட்டாதே, முக்கால்வாசி போய்விடும். மீதி இரைந்தால் இரையட்டும், யாரும் செத்துப்போக மாட்டார்கள். அன்றைக்குப் பிறகு நம் மைதானத்தில் நான் அப்படித்தான் செய்தேன், யார் பாட வந்தாலும் முதலில் அவர்களுடைய பிளக்கைக் கையில் வாங்கிப் பார்ப்பேன், மூணு பின் தாத்தா என்று பேர் வைத்து என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பூங்கா என்றால் காலையில் புல்லுக்குத் தண்ணீர் விடுவார்கள், பேத்தி செருப்போடு பாடட்டும், அடம் பிடித்தால் தாத்தாவின் கண்டிப்பான உத்தரவு என்று சொல். அவள் மைக்கைத் தொடுவதற்கு முன்னால் நீ தொடு, டெஸ்டரால் தொடு. பேக்கரிக்காரரிடமும் இன்று காலை போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மலரில் ஒரு தாள் அச்சடித்துச் சொருகச் சொல்லியிருக்கிறேன், உன் நாலாவது நினைவைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை பேர் பிளக்கைத் திறப்பார்களோ. தாளில் என் பெயரையும் தொழிலையும் போடச் சொன்னேன். அவர் வெகுநேரம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கும் அந்த விழாவில் ஒரு பிடித்த நினைவு உண்டு, மலருக்கு எழுதிக் கொடுக்கவில்லை, உனக்கு எழுதுகிறேன். மெயினை இழுத்த பிறகு நான் அந்தக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், விட்டால் விழுந்திருப்பேன். நீ மேடை விளிம்புக்கு வந்தாய். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, என்னைப் பார்த்து விரலை நீட்டி, ஈரக் காலால் பலகையைத் தடதடவென்று மிதித்துக்கொண்டு, ஊர் முன்னால் என் மானத்தை வாங்கினாய். நான் உன் ஒரு வார்த்தையையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்துடா, கத்து, இன்னும் கத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் ஆயுளில் எந்தப் பாட்டையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

மருமகளுக்கும் உனக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். பேத்தி பயமில்லாமல், வாய் நிறையப் பாடட்டும், தாத்தா பாட்டியின் ஆசி அவளுக்கு எப்போதும் உண்டு. கடிதம் கிடைத்ததும் ஒயரை மாட்டு, மாட்டி முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அதற்குப் பிறகு என்னைத் திட்டத் தோன்றினால், தோன்றும், எழுதித் திட்டாதே. போன் போட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி திட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா